இன்ஜினியரிங் சீட்: கவுன்சலிங்கா, மேனேஜ்மென்ட் கோட்டாவா, நிகர்நிலைப் பல்கலையா?

பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு நிகர்நிலைப் பல்கலை எனப்படும் தனியார் பல்கலைக்கழகங்களிலிருந்து போன் வரத் தொடங்கிவிடும். இந்த வாரத்துக்குள் முன்பணம் கட்டினால் கம்ப்யூட்டர் சயின்ஸ் உறுதி, அடுத்த வாரம் கேட்டால் இருக்காது என்பார்கள். அருகில் உள்ள இன்ஜினியரிங் கல்லூரியிலும் மேனேஜ்மென்ட் சீட்டுக்குப் பதிவு நடந்துகொண்டிருக்கும். தமிழ்நாடு இன்ஜினியரிங் சேர்க்கைக்காக அரசு நடத்தும் டிஎன்இஏ கவுன்சலிங்குக்கு மே மாதம் விண்ணப்பம் போட்டாலும், பொதுப் பிரிவுக்கு இடம் ஒதுக்குவது ஜூலை நடுவிலோ இறுதியிலோதான் தொடங்கும். மூன்று சுற்றும் முடிய ஆகஸ்ட் இறுதி, சில ஆண்டுகளில் செப்டம்பர் ஆகிவிடும்.

குடும்பங்களைத் தடுமாற வைப்பது இந்தக் காலவரிசைதான். செலவு அதிகமான வழியில் முதலில் பதில் கிடைக்கிறது. செலவு குறைந்த வழியில் கடைசியில் கிடைக்கிறது. பயத்தில் மே மாதமே லட்ச ரூபாயைக் கட்டிவிட்டு, ஆகஸ்டில் அதே தரத்துக் கல்லூரி கவுன்சலிங்கில் கிடைக்கும்போது திரும்ப முடியாமல் நிற்கிறார்கள். அதனால் இந்த மூன்று வழிகளையும் ஒப்பிடும்போது இரண்டு கேள்விகள் முக்கியம். எது நல்லது என்பது ஒன்று. கட்டிய பணமும் கொடுத்த சான்றிதழும் எந்தத் தேதி வரை திரும்பி வரும் என்பது இன்னொன்று.

பணக் கணக்கு

தமிழ்நாட்டுத் தனியார் சுயநிதி இன்ஜினியரிங் கல்லூரிகளுக்குக் கட்டண நிர்ணயக் குழு 2017-ல் விதித்த உச்ச வரம்பு இது: அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், அங்கீகாரச் சான்று பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000. மேனேஜ்மென்ட் இடத்துக்கு முறையே 85,000, 87,000. அந்த வரம்புப்படி, அங்கீகாரம் பெற்ற பிரிவை எடுத்துக்கொண்டால் நான்கு ஆண்டுக்குக் கவுன்சலிங் வழியில் 2,20,000, மேனேஜ்மென்ட் வழியில் 3,48,000. ஒரே வகுப்பறை, ஒரே ஆசிரியர், ஒரே பட்டம், வித்தியாசம் 1,28,000. அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவிபெறும் பிரிவுகளிலும் கட்டணம் இதைவிட வெகு குறைவு.

இதோடு கணக்கு முடிவதில்லை. முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை ஒற்றைச் சாளரக் கவுன்சலிங்கில் இடம் எடுத்தவருக்குத்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவிலோ நிகர்நிலைப் பல்கலையிலோ சேர்ந்தால் அந்தச் சான்றிதழால் பயன் இல்லை. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-லிருந்து இன்ஜினியரிங்கிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் இடம் எடுத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளி மாணவர் ஒருவர் மே மாதம் பயந்துபோய் வெளியே சீட் வாங்கினால் இழப்பது பல லட்சம். அரசு உதவிபெறும் பள்ளியில் படித்தவர்களுக்கு இந்த 7.5 கிடையாது, விண்ணப்பத்தில் இந்த இடத்தில் தவறாக ‘ஆம்’ என்று குறித்துவிட்டுச் சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்கிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

நிகர்நிலைப் பல்கலைகளில் கட்டணத்தை அவர்களே முடிவு செய்கிறார்கள். பெயர் பெற்ற இடங்களில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு நான்கு ஆண்டுக் கல்விக் கட்டணம் மட்டும் எட்டு, பத்து லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். விஐடி போன்ற இடங்களில் நுழைவுத் தேர்வு ரேங்க்கைப் பொறுத்து ஒரே பாடப்பிரிவுக்கு ஐந்து கட்டணப் படிகள் இருக்கின்றன. முதல் படிக்கும் ஐந்தாம் படிக்கும் இடைவெளி மிகப் பெரியது. ‘விஐடியில் சீட் கிடைத்தது’ என்று யாராவது சொன்னால், எந்தப் படியில் என்று கேட்காமல் ஒப்பிட முடியாது.

மேனேஜ்மென்ட் சீட்டை யார் வாங்கலாம்

சிறுபான்மை அல்லாத சுயநிதிக் கல்லூரிகள் 65 சதவீத இடங்களைக் கவுன்சலிங்குக்கு ஒப்படைக்கின்றன. சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீதம். மிச்சம்தான் மேனேஜ்மென்ட். அதை வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை எளிது. உங்கள் கட்ஆஃபைக் கணக்கிடுங்கள்: கணித மதிப்பெண் அப்படியே, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. கணிதம் 92, இயற்பியல் 85, வேதியியல் 88 என்றால் 92 + 42.5 + 44 = 178.5. பிறகு நீங்கள் வாங்க நினைக்கும் கல்லூரியில், அதே பாடப்பிரிவில், உங்கள் வகுப்புக்கு (ஓசி, பிசி, பிசிஎம், எம்பிசி, எஸ்சி, எஸ்சிஏ, எஸ்டி) கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் கடைசியாக இடம் கிடைத்தவரின் கட்ஆஃப் என்ன என்று டிஎன்இஏ இணையதளத்தில் பாருங்கள்.

உங்கள் மதிப்பெண் அதைவிட ஐந்து, ஆறு கூடுதலாக இருந்தால் மேனேஜ்மென்ட் சீட்டுக்குப் பணம் கட்டுவது வீண் செலவு. கவுன்சலிங்கிலேயே அந்த இடம் வரும். ஒன்றிரண்டு மதிப்பெண் வித்தியாசம் என்றால் காத்திருக்கலாம், ஆனால் மாற்று ஏற்பாடு வேண்டும். பத்துக்கு மேல் குறைவு, அந்தக் கல்லூரிதான் வேண்டும், பணமும் இருக்கிறது என்றால் மட்டுமே மேனேஜ்மென்ட் பேச்சில் பொருள் உண்டு. நடுத்தர, கடைநிலைக் கல்லூரிகள் பலவற்றில் மூன்றாம் சுற்று முடிந்தும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் காலியாகவே கிடக்கின்றன. அங்கே மே மாதமே மேனேஜ்மென்ட் சீட்டுக்கு அவசரப்படுத்துகிறார்கள் என்றால் அந்த அவசரம் கல்லூரிக்குத்தான், மாணவருக்கு இல்லை.

வாங்குவதாக முடிவு செய்தால், கேட்க வேண்டியது ‘மொத்தம் எவ்வளவு’ என்பதல்ல. தலைப்பு வாரியாக எழுதித் தரச் சொல்லுங்கள்: கல்விக் கட்டணம், பஸ், விடுதி, உணவு, பயிற்சிக் கட்டணம், லேப்டாப், சீருடை. கல்விக் கட்டணத்தை வரம்புக்குள் காட்டிவிட்டு மற்ற தலைப்புகளில் ஏற்றுவதுதான் வழக்கம். தினமும் 40 கிலோமீட்டர் வந்து போகிற மாணவருக்குப் பஸ் கட்டணமே ஆண்டு பட்ஜெட்டில் பெரிய பங்கு. ரசீது தராத எந்தத் தொகையையும் கட்டாதீர்கள். நன்கொடை வசூலைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1992-லிருந்தே இருக்கிறது. ரசீது இல்லாமல் கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்குவது மிகக் கடினம்.

நிகர்நிலைப் பல்கலை: முன்பணமும் ரீஃபண்டும்

இங்கே 69 சதவீத இட ஒதுக்கீடும் இல்லை, 7.5-ம் இல்லை. சொந்த நுழைவுத் தேர்வு, சில இடங்களில் பிளஸ் டூ மதிப்பெண் அல்லது ஜேஇஇ மதிப்பெண். பிளஸ் டூ மதிப்பெண்ணில் சறுக்கி நுழைவுத் தேர்வில் நல்ல ரேங்க் எடுத்தவருக்கு இது நல்ல வழி. முதல், இரண்டாம் கட்டணப் படியில் இடம் கிடைத்தால் தரத்தையும் கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்தாலும் நியாயமான தேர்வுதான். நான்காம், ஐந்தாம் படியில் கல்விக் கடன் வாங்கிச் சேர்வது வேறு விஷயம். முதல் சம்பளம் வரும் முன்பே மாதத் தவணை தொடங்கக்கூடிய கடன் அது. அந்தத் தவணைத் தொகையை வங்கியில் எழுதி வாங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

முன்பணம் கட்டிப் பிடித்து வைத்துக்கொண்டு கவுன்சலிங்குக்கும் காத்திருக்கலாமா? காத்திருக்கலாம், ரீஃபண்ட் விதி தெரிந்திருந்தால். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிப்படி, அறிவிக்கப்பட்ட கடைசிச் சேர்க்கைத் தேதிக்கு 15 நாளோ அதற்கும் மேலோ முன்னதாக விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வேண்டும், நடைமுறைச் செலவு சிறிதளவு கழியும். 15 நாளுக்கும் குறைவாக இருக்கும்போது விலகினால் 90 சதவீதம், கடைசித் தேதி கடந்து 15 நாளுக்குள் 80, 16-லிருந்து 30 நாளுக்குள் 50, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பல ஆண்டுகளில் யுஜிசி இதைவிடத் தாராளமான தேதியையும் அறிவித்திருக்கிறது. 2024-25-க்கு செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுத் தொகை, அக்டோபர் 31 வரை அதிகபட்சம் 1,000 ரூபாய் கழித்து மீதி என்று சொன்னது. இந்த ஆண்டுக்கான அறிவிப்பைப் பார்த்து, அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நுழைவுத் தேர்வுக் கட்டணம், கவுன்சலிங் பதிவுக் கட்டணம் இரண்டும் கல்விக் கட்டணத்தில் சேராது; அவை திரும்ப வராது என்று வைத்தே கணக்குப் போட வேண்டும்.

அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும். ஆனால் டிசி என்கிற மாற்றுச் சான்றிதழ் ஒன்றே ஒன்றுதான், சேருகிற கல்லூரியில் அது தங்கிவிடும். அதனால் முன்பணம் கட்டுவது ஒரு படி, டிசியைக் கொடுப்பது அடுத்த படி. முதல் படியோடு ஆகஸ்ட் வரை நிற்க முடிகிற இடத்தில் மட்டும் பிடித்து வையுங்கள்.

ஜேஇஇ மெயின் எழுதியவர்கள் ஐஐடி, என்ஐடி போன்ற மத்திய நிறுவனங்களுக்கான ஜோசா கவுன்சலிங்கையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது டிஎன்இஏவுக்கு முன்பே பெரும்பாலும் முடிந்துவிடும் என்பதால் மோதல் குறைவு. திருச்சி என்ஐடியில் பாதி இடங்கள் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு என்பது இங்குள்ளவர்களுக்குப் பெரிய வாய்ப்பு. அங்கே சறுக்குவது மதிப்பெண்ணில் மட்டுமில்லை, சான்றிதழிலும்தான். மாநில அரசின் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் செல்லாது. கிரீமி லேயர் இல்லை என்று சொல்லும் மத்திய அரசு வடிவ ஓபிசி சான்றிதழ் வேண்டும். அதுவும் அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். ஏப்ரல் முதல் வாரத்திலேயே இசேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டால் ஜூனில் ஓட வேண்டியதில்லை.

இன்ஜினியரிங் தவிர வேறெதையும் யோசிக்காத வீட்டிலும் அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கான டிஎன்ஜிஏஎஸ்ஏ விண்ணப்பத்தைப் போட்டு வைப்பது நல்லது. விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு 2 ரூபாய் மட்டும். கணிதம், இயற்பியல், கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டப்படிப்பு நல்ல அரசுக் கல்லூரியில் கிடைத்தால், காலியாகக் கிடக்கும் இன்ஜினியரிங் கல்லூரி ஒன்றில் நான்கு ஆண்டு கழிப்பதைவிட அது பலருக்கு மேல். ஐம்பது ரூபாயில் கிடைக்கும் மாற்று ஏற்பாட்டை விடக் கூடாது.

விண்ணப்பத்தை எங்கே உட்கார்ந்து போடுவது

டிஎன்இஏ விண்ணப்பத்துக்கு மூன்று இடம் உண்டு: வீட்டில் போன் அல்லது லேப்டாப், பிரவுசிங் சென்டர், மாவட்டந்தோறும் இருக்கும் டிஎன்இஏ சேவை மையம். 2018-க்கு முன்பு எல்லாரும் சென்னைக்கு வந்து அண்ணா பல்கலையில் நேரில் நின்று இடம் எடுத்தார்கள். ஆன்லைனுக்கு மாறியபோது, கணினி வசதி இல்லாதவர்களுக்காக வந்தவை இந்தச் சேவை மையங்கள். பெரும்பாலும் அரசுக் கல்லூரி, பாலிடெக்னிக் வளாகங்களில் இருக்கும். உதவி இலவசம். விண்ணப்பக் கட்டணம் மட்டும் 500 ரூபாய். எஸ்சி, எஸ்சிஏ, எஸ்டி பிரிவினருக்கு 250.

முதல் விண்ணப்பம் போடும் குடும்பத்துக்குச் சேவை மையம்தான் சிறந்தது. சான்றிதழைப் பார்த்து ‘இது சரிபார்ப்பில் நிற்காது’ என்று அங்கேயே சொல்லிவிடுவார்கள். விவரம் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் வீட்டிலேயே போடலாம். பிரவுசிங் சென்டர் வேகமாக முடித்துத் தரும், ஆனால் அங்கே ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது: மின்னஞ்சல். கூட்ட நேரத்தில் சென்டர்காரர் தன் மின்னஞ்சலையோ, அப்போதைக்கு உருவாக்கிய ஒன்றையோ, தன் போன் எண்ணையோ போட்டுவிடுவார். பதிவு முடிந்துவிடும். ஜூலையில் கல்லூரி வரிசை கொடுக்க, ஒதுக்கீட்டை உறுதி செய்ய, ஆணையை இறக்க, எல்லாவற்றுக்கும் அதே நுழைவு விவரமும் ஓடிபியும் வேண்டும். அன்று அந்தக் கடை பூட்டியிருந்தால் இடம் போய்விடும். ஆகவே யார் தட்டச்சு செய்தாலும் மின்னஞ்சலும் போன் எண்ணும் மாணவருடையதாகவோ பெற்றோருடையதாகவோ இருக்க வேண்டும், கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும், செப்டம்பர் வரை அந்த சிம் ரீசார்ஜ் இல்லாமல் செயலிழக்கக் கூடாது.

சான்றிதழ்களில் தடுக்கும் இடங்கள் ஏறத்தாழ ஒரே மாதிரியானவை. மதிப்பெண் பட்டியலில் ‘கே. பிரியா’, சாதிச் சான்றிதழில் ‘பிரியா குமார்’ என்று இருப்பது. பழைய காகித அட்டையில் முத்திரை மங்கியிருப்பது. சான்றிதழில் எம்பிசி என்று இருக்க, விண்ணப்பத்தில் பழக்கத்தில் பிசி என்று தேர்ந்தெடுப்பது. சாதிச் சான்றிதழை பிசி, எம்பிசிக்கு மண்டலத் துணை வட்டாட்சியரும், எஸ்சிக்கு வட்டாட்சியரும், எஸ்டிக்கு வருவாய்க் கோட்டாட்சியரும் தர வேண்டும். அதிகாரி மாறியிருந்தால் ஏற்க மாட்டார்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழ் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று பல மேஜை தாண்டி வருவது. பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர் யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது என்பதை விசாரிப்பார்கள். அதனால் தேர்வு முடிவுக்குக் காத்திராமல் ஏப்ரலிலேயே விண்ணப்பிக்க வேண்டும். அக்கா அந்தச் சலுகையில் ஏற்கெனவே படித்திருந்தால் தம்பிக்குக் கிடையாது. எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை ஏதாவது ஒரு வகுப்பை வெளி மாநிலத்தில் படித்தவர்களுக்குப் பிறப்பிடச் சான்றிதழ் கூடுதலாகத் தேவைப்படும்.

கட்டணம் கட்டிய பிறகு ரேண்டம் எண், சான்றிதழ் சரிபார்ப்பு, தரவரிசைப் பட்டியல் என்று வரும். கட்ஆஃப் சமமாக இருந்தால் முதலில் கணித மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், அடுத்து மற்றப் பாடங்கள், பிறகு பிறந்த தேதி. அதிலும் சமம் என்றால்தான் ரேண்டம் எண். தரவரிசை வெளியானதும் பெயர், வகுப்பு, கட்ஆஃப், 7.5 தகுதி நான்கையும் அன்றே பாருங்கள். குறை தீர்க்கச் சில நாட்களே அவகாசம். அதற்குப் பின் சேவை மையத்தாலும் மாற்ற முடியாது.

கல்லூரி வரிசை: இங்கேதான் வெற்றி தோல்வி

மே மாதம் மூன்று வழிகளுக்கு இடையே தலையை உடைத்துக்கொள்ளும் குடும்பங்கள், கவுன்சலிங்கில் முடிவைத் தீர்மானிக்கும் சாய்ஸ் பட்டியலை, அதாவது விருப்ப வரிசையில் எழுதும் கல்லூரி, பாடப்பிரிவுப் பட்டியலை, ஒரு மாலை நேரத்தில் அவசரமாகப் போட்டுவிடுகிறார்கள். சுற்றுக்கு மூன்று நாள்தான் கொடுப்பார்கள், மூன்றாம் நாள் மாலையில் பக்கம் மூடிவிடும். பட்டியலை அதற்கு இரண்டு வாரம் முன்பே தாளில் எழுதி முடித்திருக்க வேண்டும்.

கணினி வேலை செய்யும் முறை எளிது. உங்களுக்கு மேலே தரவரிசையில் இருப்பவர்கள் எல்லாருக்கும் கொடுத்த பிறகு, உங்கள் பட்டியலை முதல் வரியிலிருந்து படிக்கும். காலியாக உள்ள முதல் இடத்தைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. மேலே எட்டாத கல்லூரிகளைப் போட்டால் வாய்ப்பு வீணாகும் என்பது தவறான பயம். சென்னையின் கிண்டி பொறியியல் கல்லூரியையும் எம்ஐடியையும் முதல் வரிகளில் போடுவதால் எந்த நட்டமும் இல்லை. ஆனால் சேர விருப்பமில்லாத ஒரு கல்லூரியைச் சும்மா நடுவில் போட்டால், அது கிடைத்துவிடும், அதற்குக் கீழே உள்ள விருப்பமான கல்லூரியைக் கணினி பார்க்கவே பார்க்காது.

மேலே சொன்ன 178.5-ஐயே எடுத்துக்கொள்வோம். பிசி பிரிவு, நாமக்கல் மாவட்டம். சமீப ஆண்டுகளில் முதல் சுற்று ஏறத்தாழ 178-க்கு அருகில் முடிந்து, இரண்டாம் சுற்று 142 அளவில் முடிந்திருப்பதால், இந்த மாணவி முதல் சுற்றின் வாலிலோ இரண்டாம் சுற்றின் தலையிலோ வருவார். இரண்டாம் சுற்றின் தலையில் வருவது கெட்ட செய்தி இல்லை. அந்தச் சுற்றில் மிச்சமுள்ள எல்லா இடங்களிலும் அவருக்கே முதல் கை. ஆனால் பட்டியலில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மட்டும் முப்பது கல்லூரிகளில் போட்டு, முப்பத்தோராவதாக எண்ணிக்கைக்காக ஒரு கடைநிலைக் கல்லூரியைப் போட்டால், முதல் முப்பதும் நிரம்பி, அந்த முப்பத்தொன்று கைக்கு வரும். இதே மாணவிக்கு நல்ல அரசுக் கல்லூரி ஒன்றில் எலக்ட்ரிக்கல், மெக்கானிக்கல் போன்ற பிரிவு கிடைத்திருக்கலாம். பட்டியலில் எழுதாததால் போயிற்று. தரமான கல்லூரியில் இரண்டாவது விருப்பப் பிரிவு, தரம் குறைந்த கல்லூரியில் முதல் விருப்பப் பிரிவு என்ற இரண்டில், வேலைக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனங்களையும் பாடம் நடத்த இருக்கும் ஆசிரியர்களையும் கணக்கில் வைத்தால், முதலாவதே பெரும்பாலும் சரியான முடிவு.

பழைய கட்ஆஃப் பட்டியலை ஒப்பிடும்போது மதிப்பெண்ணை மட்டும் பார்க்காதீர்கள், தரவரிசை எண்ணையும் பாருங்கள். கணிதத்தில் நூறு எடுத்தவர்கள் கூடிய ஆண்டில் போன ஆண்டின் 185-க்கு உள்ள மதிப்பு இந்த ஆண்டின் 185-க்கு இருக்காது. போன ஆண்டு அந்தக் கல்லூரியில் கடைசியாக நுழைந்தவரின் வகுப்புத் தரவரிசை என்ன, உங்களுடையது என்ன என்று ஒப்பிட்டால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும்.

கல்லூரியை எடைபோட நான்கு பொருள் போதும். பாடப்பிரிவு வாரியான அங்கீகாரம், கல்லூரிக்கு மொத்தமாக உள்ளதைப் பார்த்து ஏமாற வேண்டாம். தன்னாட்சி இல்லாத கல்லூரி என்றால் அண்ணா பல்கலை ஒவ்வொரு பருவத் தேர்வுக்கும் வெளியிடும் தேர்ச்சி விகிதப் பட்டியல். வீட்டிலிருந்து தூரம், விடுதிச் செலவு. புதிதாகத் தொடங்கிய செயற்கை நுண்ணறிவு, சைபர் செக்யூரிட்டி போன்ற பிரிவாக இருந்தால், அதை நடத்தத் தனி ஆசிரியர்கள் இருக்கிறார்களா, கம்ப்யூட்டர் சயின்ஸ் துறையிலிருந்தே இரவல் வாங்குகிறார்களா என்பது. பேராசிரியர் பெயர்ப் பட்டியல் கல்லூரி இணையதளத்தில் இருக்கும். ஒரு போன் செய்தும் கேட்டுவிடலாம்.

எழுதும்போது கல்லூரியின் பெயரைவிடக் குறியீட்டு எண்ணை நம்புங்கள். கிண்டி பொறியியல் கல்லூரிக்கு 1, எம்ஐடிக்கு 4, கோவை ஜிசிடிக்கு 2005, பிஎஸ்ஜி டெக்குக்கு 2006. பிஎஸ்ஜி பெயரிலேயே வேறொரு கல்லூரிக்கு வேறு எண் இருக்கிறது. ‘அரசுப் பொறியியல் கல்லூரி’ என்று தொடங்கும் பெயர்கள் பல ஊர்களில் உண்டு. உதவிபெறும் கல்லூரிகளில் எஸ்எஸ் என்று குறித்த பிரிவுகள் சுயநிதி, கட்டணம் மாறும். எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை, ஆகவே 50-க்குக் குறையாமல் எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் ‘இது கிடைத்தால் போய்ச் சேர்வோமா’ என்று வீட்டில் சத்தமாகக் கேட்டு, ஆம் என்றால் மட்டும் விடுங்கள்.

ஒதுக்கீடு வந்த பிறகு

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதி செய்ய இரண்டு நாள்தான். ‘ஏற்றுச் சேர்கிறேன்’, ‘ஏற்கிறேன், மேலே கிடைத்தால் மாறுகிறேன்’, ‘மறுக்கிறேன், மேலே உள்ளதற்குக் காத்திருக்கிறேன்’, ‘மறுக்கிறேன், அடுத்த சுற்றுக்குப் போகிறேன்’, ‘விலகுகிறேன்’ என்று ஐந்து வாய்ப்புகள் இருக்கும். ஒன்றையும் சொல்லாமல் விட்டால் ஒதுக்கிய இடம் போய்விடும்.

பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது வாய்ப்புதான் சரி. கையில் உள்ள இடத்தைப் பணம் கட்டிப் பாதுகாத்துக்கொண்டு, மற்றவர்கள் சேராமல் விட்ட இடங்களில் மேலே நகரலாம். ஒரு நிபந்தனை: மேலே கிடைத்தால் பழைய இடம் தானாகவே போய்விடும். எனவே பட்டியலில் மேலே உள்ள எதுவும் கையில் உள்ளதைவிட உண்மையிலேயே மேலானதாக இருக்க வேண்டும். இதைத் தேர்வு செய்தவர்கள் சேவை மையத்தில் பணம் கட்ட வேண்டும், முதலாவதைத் தேர்வு செய்தவர்கள் நேராகக் கல்லூரியில் போய்ச் சேர வேண்டும். இடத்தை மாற்றிப் போய் நின்று கெடு நாளைத் தவறவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்றாவதும் நான்காவதும் துணிச்சலுக்கானவை. அடுத்த சுற்றில் உங்களைவிடக் குறைந்த கட்ஆஃப்காரர்களோடு போட்டி என்றாலும், நல்ல இடங்கள் முந்தின சுற்றிலேயே போயிருக்கும். வேறிடத்தில் திரும்பப் பெறக்கூடிய முன்பணத்தோடு இடம் இருப்பவர்கள் மட்டும் அந்தத் துணிச்சலை எடுக்கலாம்.

கவுன்சலிங்கில் சேர்ந்ததும் அதே நாளில் மற்ற இடத்துக்கு ரத்துக் கடிதத்தை மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். விண்ணப்ப எண், கட்டிய தொகை, ரசீது எண், தேதி, வங்கிக் கணக்கு விவரம் ஐந்தும் கடிதத்தில் இருக்க வேண்டும். ‘நேரில் வாருங்கள், பேசிக்கொள்ளலாம்’ என்று இழுத்தால் போய்ப் பேசலாம், ஆனால் கடிதம் முன்னதாகவே போயிருக்க வேண்டும். ரீஃபண்ட் சதவீதத்தைத் தீர்மானிப்பது எழுத்தில் விலகிய தேதி. பணம் வராவிட்டால் யுஜிசியின் ஆன்லைன் குறைதீர்ப்புப் பக்கத்தில் அந்தக் கடிதத்தின் நகலோடு புகார் பதியலாம்.